பெயர் எழுதாத குழாய்

என் பெயர் நா. திருஞானம். மயிலாப்பூரில், தெப்பக்குளத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள ஒரு மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் நுண்ணுயிரியல் பிரிவின் பொறுப்பாளர். இது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் என்னோடு வேலை செய்தவர் நீங்கள். இருந்தாலும், எந்த ஆவணமும் எழுதுபவரின் பெயரோடும் நோக்கத்தோடும் தொடங்க வேண்டும் என்பது நான் விதித்த விதி. ஆகவே நோக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைநாளிலும் அதற்கு மறுநாளிலும் நான் செய்த தவறை உங்களிடம் ஒப்புக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். நீங்கள் காலமாகி இன்றோடு நாற்பத்தொரு நாள்.

நேற்று முற்பகல் கிருமிகளை வளர்க்கும் எங்கள் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் நின்றுபோயிற்று. பழுது பார்ப்பவர் பெருங்குடியிலிருந்து திங்கட்கிழமைதான் வருவார். தொண்டை மாதிரிகள் அதுவரை காத்திருக்கமாட்டா. டெக்னீஷியன் ஷகிலா ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரியின் உச்சியிலிருந்து அந்தப் பழைய கண்ணாடி ஜாடியை இறக்கினார். பிளேட்டுகளை உள்ளே அடுக்கி, மேலே ஒரு சிறு மெழுகுவர்த்தியை ஏற்றி, விளிம்பில் வாசலின் தடவி மூடினோம். சுடர், பிளேட்டுகளுக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துவிட்டு, சிறுத்துச் சிறுத்துத் தானே அணைந்தது. இன்று காலை ஒன்பதரை மணிக்கு மூடியைத் திறந்தபோது, ஒரு நாள் முழுவதும் அடைபட்டுக் கிடந்த திரியின் புகை வாசனை வெளியே வந்தது.

“நைனா வாசன சார்,” என்றார் ஷகிலா. பிறகு பிளேட்டுகளை எண்ணத் தொடங்கினார்.

அறையில் எல்லோருக்கும் நீங்கள் நைனா. நான் மட்டும் பெயர் சொல்லி, வாங்க போங்க என்று அழைத்தேன். நமக்கு ஒரே வயது. நான்கு மாதம் நீங்கள் மூத்தவர். நான் பட்டங்களோடு வந்தேன். நீங்கள் அடையாற்றின் கரையில் ஓர் அறை வீட்டிலிருந்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு, ஒப்பந்தப் பணியாளராக வந்தீர்கள். என் மரியாதை உங்களைத் தள்ளி நிறுத்தும் மரியாதை என்பது உங்களுக்குப் புரிந்திருந்தது. ஜாடியை மூடிவிட்டு என் பக்கம் திரும்பி, “விளக்கேத்தியாச்சு சார். இனிமே அது வுட்ட வழி,” என்பீர்கள். சிரிக்க வைப்பதற்காகத்தான் சொன்னீர்கள். கார்பன் டை ஆக்சைடு எத்தனை விழுக்காடு சேரும் என்று நான் உங்களுக்குத் திருத்தம் சொன்னேன்.

நம் வேலையைப் பற்றிச் சிறிது எழுத வேண்டியிருக்கிறது. உங்களுக்காக அல்ல, இதை நான் நாளை வேறொருவருக்கும் சொல்ல வேண்டும், அதற்காக.

தொண்டை வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸ்தான் காரணம். அது தானாகப் போய்விடும். சிலருக்கு மட்டும் ஏ குரூப் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிற பாக்டீரியா. அதைக் கவனிக்காமல் விட்டால், அந்தச் சிலரிலும் சிலருக்கு, தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுகள் வீங்கும். இதய வால்வுகள் புண்ணாகும். மூட்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும், வால்வு திரும்பாது. இந்தச் சிலரை மற்றவர்களிடமிருந்து பிரித்துச் சொல்வதுதான் நம் அறையின் வேலை. நாக்கில் படாமல் இரண்டு டான்சில்களையும் தொண்டையின் பின்சுவரையும் தேய்த்தெடுத்த பஞ்சுக்குச்சி, அதாவது ஸ்வாப், ஒரு குழாயில் வரும். அதை ஆட்டு ரத்தம் கலந்த அகார் கூழ் ஊற்றிய பிளேட்டில் தேய்ப்போம். ஒரு நாள் கழித்துப் பார்த்தால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தன்னைச் சுற்றியுள்ள ரத்தத்தைக் கரைத்து, புள்ளிபோல வளர்ந்த ஒவ்வொரு காலனியைச் சுற்றியும் கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு வட்டத்தை உண்டாக்கியிருக்கும்.

அந்த ரத்தம் நல்லதாக இருந்தால்தான் வட்டம் தெரியும். நல்ல ரத்தத்துக்கு நீங்கள் இருந்தீர்கள். சைதாப்பேட்டைப் பக்கம் ஆடு வளர்க்கும் ஒருவரிடம் வாரம் ஒருமுறை போய், கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் ரத்தத்தை வாங்கி, உறைந்துவிடாதபடி அங்கேயிருந்து மயிலாப்பூர் வரைக்கும் பேருந்தில் ஆட்டிக்கொண்டே வருவீர்கள். ஒருமுறை நானும் உடன் வந்தேன். நடத்துநர் குடுவையைப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, ரோஸ்மில்க் எசன்ஸா?” என்றார்.

“ஆமா நைனா, ஆட்டு எசன்ஸு. ஒரு சொட்டு வுடவா?”

“ஐய! அப்பால போ, அப்பால போ!”

பேருந்தே சிரித்தது. நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். உயிர்ப்பொருளைப் பொதுப் போக்குவரத்தில் கொண்டுவருவது விதிக்குட்பட்டதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஷகிலா புதிதாகச் சேர்ந்த வாரம், ஒரு காலனியைக் கம்பியால் எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடில் வைத்தார்; நுரை பொங்கியது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுரைக்காது. ஆகவே இது அதுவல்ல என்று எழுதப்போனார். அந்தப் பக்கமாகப் போன நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். “ரத்தத்தையும் சேத்து கிள்ளிட்ட மா. அதான் நொரைக்குது. தலைய மட்டும் கிள்ளு.” மறுபடி செய்தபோது ஒரு குமிழிகூட எழவில்லை. ரத்தமே நுரைக்கும் என்பதை நான் வகுப்பறையில் படித்தேன். நீங்கள் அதை எங்கே படித்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. உங்களிடம் நான் கேட்காமல் விட்டவற்றின் பட்டியல் நீளமானது.

கேட்ட ஒன்றை எழுதுகிறேன். நீங்கள் சேர்ந்த நாளில் உடல்தகுதிப் படிவத்தை நான்தான் வாசித்தேன். “இதற்கு முன் கடும் நோய் ஏதேனும்?” நீங்கள் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, “இன்னா சார், என்னப் பாத்தா நோயாளி மாதிரியா கீது?” என்றீர்கள். “இல்லை” என்று எழுதினேன். அதற்குக் கீழிருந்த வரியையும், கடமை தவறாமல், உரக்கப் படித்தேன்: தகவல் தவறு என்று தெரியவந்தால் பணியிலிருந்து நீக்கப்படுவார். நீங்கள் கையெழுத்திட்டீர்கள்.

இனி அந்த நாள்.

ஐப்பசி. தீபாவளி முடிந்து இரண்டு நாள். லஸ் முனையில் தண்ணீர் தேங்கியிருந்தது. நான் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வந்தேன். மாதிரிகள் வைக்கும் ஸ்டாண்டில் பதினான்கு தொண்டை ஸ்வாப்கள், பதினான்கு படிவங்கள். கடைசித் துளையில் பதினைந்தாவதாக ஒரு குழாய். ஒட்டிய காகிதத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“இது யாருது?”

“காலைல நான் வரும்போதே இருந்துச்சு சார்,” என்றார் ஷகிலா.

நீங்கள் முதுகைக் காட்டியபடி அகார் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பாமலே சொன்னீர்கள்: “யார்னா வெச்சிட்டு போயிருப்பாங்க சார். மழைல ஃபார்ம் நனஞ்சிருக்கும்.”

“பேர்?”

“பேரும் நனஞ்சிருக்கும்.”

ஷகிலா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உங்கள் குரல் அன்று கரகரத்திருந்தது. கவனித்தேன், மழை என்று நினைத்துக்கொண்டேன்.

“டிஸ்கார்ட் பண்ணிடுங்க.”

அப்போதுதான் திரும்பினீர்கள். “ஒரு பிளேட்ல போட்டுப் பாத்துடலாமே சார். யாருக்கோ தொண்ட வலின்னுதானே வந்துகீது. பிளேட்டு நெறைய கீது.”

“பேர் இல்லாத ரிசல்ட்டை யார்கிட்ட குடுப்பீங்க?”

மறுபடி அகார் பக்கம் திரும்பினீர்கள். “அதுவும் கரீட்டுதான் சார்,” என்றீர்கள்.

நிராகரிக்கப்படும் ஒவ்வொரு மாதிரிக்கும் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது நான் கொண்டுவந்த முறை: நிராகரித்தவர் ஒருவர், அழித்தவர் ஒருவர். ஒருவரே இரண்டையும் செய்தால் தவறு நடக்கும் என்பது என் எண்ணம். நான் எழுதினேன்: “தொண்டை ஸ்வாப், ஒன்று. பெயரில்லை. படிவமில்லை. அழிக்கப்பட்டது.” கையெழுத்திட்டேன். பதிவேட்டை உங்கள் பக்கம் திருப்பினேன். கையுறையைக் கழற்றிவிட்டு, நீங்களும் கையெழுத்திட்டீர்கள்.

மறுநாள் ஜாடியைத் திறந்தபோது பதினான்கு பிளேட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து இருந்தன. அடியில் இருந்த ஒன்றுக்கு எண் இல்லை.

“இது?”

“அகாரு நல்லா கீதான்னு பாக்கப் போட்டேன் சார். கைல கெடச்சத.”

அதற்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. காரணம், அந்த பிளேட். அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஊசிமுனை அளவு காலனிகள். ஒவ்வொன்றையும் சுற்றி, மேசைமேல் கிடந்த செய்தித்தாளின் எழுத்துகளை ஊடே படிக்கக்கூடிய அளவுக்குத் தெளிந்த வட்டம். நடுவில் நீங்கள் வைத்திருந்த, ஏ குரூப்பை வளரவிடாத பாசிட்ராசின் மருந்து வில்லை. அதைச் சுற்றி எதுவும் வளராத வெற்றிடம். பாடப்புத்தகத்தில்கூட அப்படி ஒரு படம் பார்த்ததில்லை. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு நானே உட்கார்ந்து எல்லாச் சோதனைகளையும் செய்தேன். பெராக்சைடில் நுரையில்லை. மைக்ராஸ்கோப்பில் ஊதாநிற மணிகள் கோத்த சங்கிலி. குரூப் பார்க்கும் கரைசலில் ஒரு நிமிடத்துக்குள் திப்பித்திப்பியாகத் திரண்டது. அன்று முற்பகல் முழுவதும் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் அது உண்மை.

நீங்கள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தீர்கள்.

“ஏ குரூப்பா சார்?”

“சந்தேகமே இல்ல. எவ்ளோ அழகா இருக்கு பாருங்க.”

“அழகாத்தான் கீது.” பிறகு, “இது வந்தா இன்னா மாத்திர சார் குடுப்பாங்க? எத்தினி நாளு?” என்றீர்கள்.

“நாம மருந்து சொல்லக்கூடாது. டாக்டர்தான் சொல்லணும். இது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் சார். சும்மா கேட்டேன்.”

பெனிசிலின், பத்து நாள். மூன்று சொற்கள். வலி நின்ற பிறகும் பத்து நாளும் போட வேண்டும் என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் சில சொற்கள். நான் அவற்றைச் சொல்லவில்லை.

என்னைக் காப்பாற்றிக்கொள்ள, ஒன்றும் தெரியாமல் நடந்தது என்று எழுதலாம். எழுதமாட்டேன். முதல் நாள் ஒரு பெயரில்லாத குழாய். மறுநாள் எண்ணில்லாத பிளேட். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எண்ணிக்கை தெரிந்த எவனாலும் முடியும். என்னாலும் முடிந்தது. அந்தக் குழாய் அழிக்கப்படுவதற்கு முன் பிளேட்டில் தேய்க்கப்பட்டது என்பது எனக்கு அன்றே தெரியும். அப்படியானால், அந்த பிளேட்டில் இருப்பது சென்னையில் எங்கோ நடமாடும் ஒரு மனிதனின் தொண்டையில் இருப்பது. அந்த மனிதன் யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்தது ஓர் அருமையான பாக்டீரியா வகை. அதை வைத்துக்கொள்ள விரும்பினேன். கேட்டிருந்தால் விதிப்படி பிளேட்டை அழித்திருக்க வேண்டும்.

ஆகவே கேட்காமல், அதைக் கிளிசரினில் கலந்து உறைபெட்டியில் வைத்தேன். புதிதாக ஊற்றும் ஒவ்வொரு தொகுதி ரத்த அகாரும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, நமக்குத் தெரிந்த ஒரு பாக்டீரியாவை அதில் வளர்த்துப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் இதை அமர்த்தினேன். வகைப் பதிவேட்டில், மூலம் என்ற கட்டத்தில், “தெரியவில்லை” என்று எழுதினேன்.

அதன்பின் மூன்று வாரம் கழிந்திருக்கும். நீங்கள் வேலைக்கு வரவில்லை. நாற்பது நாள் கழித்து, சட்டை தொளதொளக்க, வந்து நின்றீர்கள். டைஃபாய்டு என்றீர்கள். சான்றிதழ் கேட்டேன், அடுத்த நாளே கொண்டுவந்து கொடுத்தீர்கள். “காய்ச்சல்” என்று மட்டும் இருந்தது. வரிசை எண் போட்டுக் கோப்பில் வைத்தேன்.

அதற்குப் பிறகும் பல ஆண்டுகள். வாரந்தோறும் நீங்கள் புதிய பிளேட்டை என்னிடம் நீட்டி, “நம்மாளு நல்லா வளந்துகீறான் சார்,” என்பீர்கள். எங்கிருந்து அந்தப் பெயர் வந்தது என்று நான் நினைத்ததில்லை. ஷகிலாதான் கிண்டலாகக் கேட்டார்: “அது என்ன நைனா, நம்மாளு நம்மாளுன்னு? உங்க தம்பியா?”

“தம்பியில்ல மா. எங்கூட்ல வாடகைக்கு இருந்தவன்.”

“அப்புறம்?”

“வூட்ட காலி பண்ணிக்கினு போய்ட்டான். போவும்போது கதவ ஒடச்சிட்டுப் போய்ட்டான்.”

எல்லோரும் சிரித்தோம். அன்று நானும் சிரித்தேன்.

ஆற்றங்கரையைக் காலி செய்து உங்கள் ஆட்களை நகருக்கு வெளியே, பெருங்குடியையும் சதுப்பு நிலத்தையும் தாண்டிய அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டு பேருந்து மாறி, எட்டரைக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். முன்பெல்லாம் பிளேட் அடுக்குகளை நான்கு நான்காகத் தூக்கிக்கொண்டு மாடியேறியவர், பிறகு இரண்டாக, பிறகு ஒன்றாகக் கொண்டுவந்தீர்கள். படியின் திருப்பத்தில் நின்று சன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பீர்கள். வேலை நேரத்தில் வேடிக்கை பார்ப்பதாக ஒருமுறை சொன்னேன். “காத்து வருது சார், ஒரு நிமிசம்,” என்றீர்கள். காற்று அங்கே வருவதில்லை. நீங்கள் போன பிறகு அதே இடத்தில் நின்று பார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். அதுவே முதல் முறை. ஐந்தாவது மாடி. கூடத்தில் உங்கள் படத்துக்குப் பூப் போட்டிருந்தார்கள். வந்திருந்த பெண்கள் அழுதார்கள். உங்கள் மனைவி அழவில்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“எனுக்கு அழுவ வரல சார். கோவந்தான் வருது. பதினோரு வயசுல மூட்டெல்லாம் வீங்கி ஆஸ்பத்திரில கெடந்தவரு சார் இவுரு. அப்பவே டாக்டருங்க சொல்லிட்டாங்க, ஹார்ட்டு வீக்கு, தொண்ட வலி வந்தா வுடவே கூடாதுன்னு. மூணு வாரத்துக்கு ஒரு தபா ஊசி. அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே வுட்டாச்சு.”

எனக்கு இது புதிய செய்தி. படிவத்தில் நான் எழுதிய “இல்லை” கண்முன் வந்தது.

“என் பொண்ணு பொறந்த வருசம், தீபாவளிக்குத் தொண்ட வலி. பலகாரம்கூட முழுங்க முடில. கடைல மாத்திர வாங்கி ரெண்டு நாள் போட்டாரு, வலி போச்சு, வுட்டுட்டாரு. அப்பால முட்டி வீங்கிச்சி. அப்பால மூச்சு. ஊருல கீற தொண்டையெல்லாம் பாக்குற எடத்துல வேல சார். தன் தொண்டைய ஒரு தபா பாத்துக்கினாரா? ஒரு தபா? அவ்ளோ அலட்சியம் சார், எங்க மேல.”

“அப்பாவத் திட்டாதம்மா,” என்றாள் உள்ளேயிருந்து உங்கள் மகள். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

“நீ சும்மா கெட. சொல்லுங்க சார், நீங்க படிச்சவரு. பாத்துக்கினு இருந்தா இருந்திருப்பாருதானே?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. அவர் பார்த்துக்கொண்டார் என்பதே அந்த விடை. நான் சொன்னது: “மனச தேத்திக்கோங்க.” கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். “உங்களப் பத்திதான் சார் எப்பவும் பேசுவாரு. எங்க சார்கிட்ட தப்பே நடக்காதுன்னு,” என்று சொல்லிக்கொண்டே உங்கள் மனைவி படி வரைக்கும் வந்தார்.

பதிவேட்டைச் சரிபார்க்காமல் பேசக்கூடாது என்று பேருந்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளே சரிபார்த்தேன். உங்கள் மகள் பிறந்த ஆண்டு; தீபாவளி முடிந்து இரண்டாம் நாள்; பெயரில்லாத குழாய் ஒன்று. அழித்தவர் என்ற இடத்தில், கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்துவிடும் உங்கள் கையெழுத்து. மற்ற பக்கங்களில் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தில் மட்டும் மை மெலிந்திருக்கிறது. நான் அப்படி நினைக்கிறேனோ என்றும் தெரியவில்லை. உங்கள் தொண்டையிலிருந்து நீங்களே, யாரும் வருமுன், கண்ணாடியைப் பார்த்து எடுத்த ஸ்வாப். பெயர் எழுதினால் நான் கேள்வி கேட்பேன். கேள்வி கேட்டால் பழைய நோய் தெரியும். தெரிந்தால் நான் படித்துக்காட்டிய வரி நடைமுறைக்கு வரும். நீங்கள் அஞ்சியது நோய்க்கு அல்ல, எனக்கு. அந்த அச்சம் நியாயமானது என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. அன்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் அந்த வரியை நிறைவேற்றியிருப்பேன்.

அறிவியல்படி ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். உங்கள் வால்வு சிறு வயதிலேயே கெட்டுவிட்டது. பத்து நாள் மருந்து எடுத்திருந்தால் நீங்கள் இன்று இருந்திருப்பீர்கள் என்று யாராலும் நிறுவ முடியாது. நான் இதை இருபத்தைந்து நாட்களாக எனக்குச் சொல்லிப் பார்த்தேன். சரியான வாக்கியம். ஆனால் அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது: எத்தினி நாளு?

போன வாரம் மறுபடி ஒரு பெயரில்லாத குழாய் வந்தது. ஷகிலா வழக்கம்போலப் பதிவேட்டை எடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காத்திருப்போர் கூடத்துக்குப் போய் நின்று, “இங்க யாருக்குத் தொண்ட வலி?” என்று உரக்கக் கேட்டேன். என் வாழ்வில் நான் அப்படிக் கூவியதில்லை. நான்கு பேர் கை தூக்கினார்கள். ஐந்தாவதாக ஒரு பெரியவர், “எனக்கும் ரெண்டு நாளா வலிதான் சார், ஆனா நான் சுகர் பாக்க வந்தேன்,” என்றார். கூடம் சிரித்தது. குழாய் அந்த நால்வரில் ஒரு பெண்மணியுடையது; படிவம் அவருடைய பையிலேயே இருந்தது. மொத்தம் இரண்டு நிமிடம் ஆயிற்று. திரும்பி அறைக்கு வந்து, கை கழுவுமிடத்தில் வெகு நேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பதிவில் தவறு நேர்ந்தால், அழிக்கக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. தவறானது படிக்கத் தெரியும்படி ஒரே கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட வேண்டும். இன்று பிற்பகல் வகைப் பதிவேட்டைத் திறந்து, மூலம் என்ற கட்டத்தில் “தெரியவில்லை” என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன். உங்கள் முழுப் பெயரையும், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, எழுதினேன். இரண்டாவது கையெழுத்துக்கு ஷகிலாவை அழைத்தேன். அவர் படித்தார். பழைய நிராகரிப்புப் பதிவேட்டையும் எடுத்துக் காட்டினேன். அதையும் படித்தார். “வாடகைக்கு இருந்தவன்னு சொன்னாரே சார்,” என்றார். கையெழுத்துப் போட முடியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். பத்து நிமிடம் கழித்து வந்து போட்டார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. பதிவேடுகள் பரிசோதனைக்கூடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. அந்தப் பழைய பதிவேட்டை நான் நாளை வெளியே எடுத்துச் செல்கிறேன். திங்கட்கிழமை அதற்கு யார் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்வேன். இரண்டு பேருந்து மாறி, பத்து மணிக்கு உங்கள் வீட்டில் இருப்பேன். நாற்காலியில் உட்காரமாட்டேன். உங்கள் மகளையும் உள்ளேயிருந்து அழைக்கச் சொல்வேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, உங்கள் கையெழுத்தைக் காட்டி, உங்கள் மனைவியிடம் சொல்வேன்: “அம்மா, அவர் பார்த்துக்கிட்டார். அவரே எடுத்து, அவரே வளர்த்து, என் கையில் கொண்டுவந்து குடுத்தார். யாருதுன்னு நான் கேக்கல. எத்தனை நாள் மருந்துன்னு கேட்டார். நான் சொல்லல.”

அதற்குப் பிறகு அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. உங்கள் மேல் வைத்திருக்கும் கோபம் முழுவதையும் என்மேல் திருப்பலாம். அது திரும்ப வேண்டிய இடமும் அதுதான். நான் பதில் சொல்லமாட்டேன். அவர் எழுந்து போ என்று சொல்லும் வரை அங்கேயே தரையில் உட்கார்ந்திருப்பேன்.